காலாவதியான சிக்னல் குப்பிகளை வீட்டிலேயே மறுபடி நிரப்பலாமா?

கூக்கால் பூண்டுக்காரர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானலுக்கு மேற்கே கூக்காலில் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிறேன். வணிகக் கப்பலில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் மாமனார் சென்ற ஆண்டு காலமானார். அவருடைய தகரப் பெட்டியை இப்போதுதான் திறந்து பார்த்தோம். கடலில் உதவி கேட்டுச் சைகை காட்டக் கையில் பிடித்து எரிக்கும் சிவப்பு ஒளிக்குழல்கள் நான்கும், ஆரஞ்சுப் புகைக் குப்பிகள் இரண்டும், ஏற்கெனவே சுடப்பட்ட 12 போர் (துப்பாக்கிக் குழலின் விட்ட அளவு) சிக்னல் தோட்டாக்களின் காலிக் கூடுகள் பதினைந்தும் அதில் இருந்தன. ஒளிக்குழல்களின் மேல் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதி கடந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

எங்கள் ஊரில் பிற்பகல் மூன்று மணிக்கு மேகம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் நிற்கும் மாடு கூடக் கண்ணுக்குத் தெரியாது. விறகுக்கும் தேனுக்கும் சோலைப் பக்கம் போனவர்கள் வழி தவறுவதும், நாங்கள் டார்ச்சை எடுத்துக்கொண்டு கத்தித் தேடுவதும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை நடக்கின்றன. இந்தக் காலிக் கூடுகளில் வண்ண மருந்தை மறுபடி நிரப்பி வைத்துக்கொண்டால் ஆபத்துக்கு உதவுமே என்று தோன்றுகிறது. வெளிநாடுகளில் இதை ஒரு பொழுதுபோக்காகவே செய்கிறார்கள் என்று காணொளிகளில் பார்த்தேன். நான் பட்டயப் படிப்பு முடித்தவன், லேத்து வேலை தெரிந்தவன், அவசரப்படும் சுபாவமும் இல்லை. விவரம் அறிந்தவர்கள் முறையை விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சாத்தூர் போர்மேன் எழுதியது:

ஐயா, வணக்கம். சாத்தூர், சிவகாசி வட்டாரத்துப் பட்டறைகளில் வண்ண மருந்துப் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இப்போது பண்ணைக்காட்டில் மகள் வீட்டில் இருக்கிறேன். நீங்கள் கேட்ட முறையை நான் சொல்லப் போவதில்லை. ஏன் சொல்ல மாட்டேன் என்பதற்கான காரணம் உங்களைப் போன்ற கைவேலை தெரிந்தவருக்குப் புரியும் என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தோட்டாவை மறுபடி நிரப்புவதும் சிக்னல் குப்பியை நிரப்புவதும் ஒரே வேலை என்று பலரும் எண்ணுகிறார்கள். தோட்டாவில் அளவு தவறினால் தவறு தராசில் தெரியும். சிக்னல் குப்பியின் உயிர் அழுத்திக் கட்டியாக்கிய அந்த மருந்து வில்லையில் இருக்கிறது. வில்லை முகப்பிலிருந்து ஒரு படலம் ஒரு படலமாக எரிந்து உள்ளே போக வேண்டும்; அப்படிப் போனால்தான் அது ஒளி. வில்லைக்குள் மயிரிழை அளவு விரிசல் இருந்தால் நெருப்பு அந்த விரிசல் வழியே உள்ளே பாய்ந்து, எல்லாப் பரப்பையும் ஒரே நேரத்தில் பற்ற வைத்துவிடும். பல நொடிகள் எரிய வேண்டிய சரக்கு கண் இமைப்பதற்குள் எரிந்தால் அதை யாரும் ஒளி என்று சொல்ல மாட்டார்கள். அந்த விரிசலை வெளியிலிருந்து கண்ணால் காண முடியாது. வில்லை நன்றாக இருக்கிறதா என்று அறிய ஒரே சோதனை அதை எரித்துப் பார்ப்பதுதான், எரித்த பிறகு அந்த வில்லை இல்லை. தொழிற்சாலைகள் ஒரே தொகுப்பில் ஆயிரக்கணக்கில் செய்து, அவற்றில் சிலவற்றை எரித்துப் பார்த்து மற்றவற்றை நம்புகின்றன. பதினைந்து கூடு நிரப்புகிறவர் எதை எரித்து எதை நம்புவார்?

அடுத்தது ஈரம். சிவப்பு ஒளிக்கு ஸ்ட்ரான்சியம் உப்பும் பச்சைக்குப் பேரியம் உப்பும் நிறம் தருகின்றன என்பது பள்ளிப் பாடத்திலேயே உண்டு. வெளிச்சத்தைத் தருவது பெரும்பாலும் மக்னீசியத் தூள். அந்தத் தூளுக்கும் தண்ணீருக்கும் ஆகாது. ஈரக் காற்றில் அது மெல்ல மெல்லச் சிதைந்து ஹைட்ரஜன் வாயுவை விடும், கூடவே சூடும் ஏறும். அலுமினியத் தூளும் சில வெடியுப்பு வகைகளும் ஈரத்தில் சேர்ந்தாலும் இதே கதைதான், அப்போது அம்மோனியா நெடி அடிக்கும்.

இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஓர் ஐப்பசி மாதம், இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்த காலைப் பொழுதில், காயப் போட்டிருந்த தட்டுகளின் ஓரமாக நடந்து போனேன். மாட்டுத் தொழுவத்தில் அடிக்குமே, அதைப் போன்ற அம்மோனியா நெடி மூக்கில் ஏறியது. ஒரு தட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் புறங்கையை நீட்டினேன். வெயில் இல்லை, அடுப்பு இல்லை, ஆனால் தோசைக் கல்லுக்கு மேலே கையை நீட்டியது போல் சூடு அடித்தது. எல்லோரையும் வெளியே போகச் சொல்லி நானும் ஓடினேன். நாங்கள் வேப்பமரத்தடியை அடைவதற்குள் அறையின் ஓட்டுக் கூரை வழியாக வெள்ளை வெளிச்சம் வந்தது. ஒருவரும் சாகவில்லை. மூக்கு நன்றாக இருந்த நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாத்தூரே கரிசல் காடு, ஆண்டில் முக்கால்வாசி நாள் வெயில் காயும் ஊர். அங்கேயே இந்தக் கதி. துணி உலர மூன்று நாள் ஆகும் கூக்காலில் வண்ண மருந்தை வீட்டில் வைப்பது என்ற நினைப்பே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பட்டாசு ஆலை விபத்து நடந்தால் செய்தித்தாளில் 'மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வால்' என்று ஒரு வரி வரும். அந்த வரியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் கைதேர்ந்தவர்கள்தாம். அவசரப்படாதவர்களும் அதில் உண்டு.

புகைக் குப்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வண்ணப் புகை என்பது எரிந்த புகை அன்று; சாயம் ஆவியாகி மறுபடி காற்றில் குளிர்ந்து துகளாவது. சூடு கொஞ்சம் கூடினால் சாயமே எரிந்துபோய்க் கருப்புப் புகையும் தீயும் வரும், குறைந்தால் நடுவிலேயே அணைந்துவிடும். அந்தக் குறுகிய இடைவெளியில் சூட்டை நிறுத்துவது பட்டறையிலேயே சிரமமான வேலை.

கூக்கால் பூண்டுக்காரர் எழுதியது:

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. அமெரிக்காவில் சாதாரணக் குடிமக்கள் 37 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிக்னல் குப்பிகளை வீட்டு மேசையில் வைத்து நிரப்புவதைக் காண்கிறேன். அவர்களுக்கு முடிவது நமக்கு ஏன் முடியாது? மருந்தை நானே கலக்காமல், பட்டாசுக் கடையில் உரிமத்தோடு விற்கும் வாணத்திலிருந்து வண்ண மருந்து மணிகளை எடுத்துக் கூட்டில் வைத்தால் என்ன?

அருவங்காடு ஓய்வாளர் எழுதியது:

சாத்தூர் ஐயா மருந்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் சட்டத்தையும் கூட்டையும் பற்றிச் சொல்கிறேன். குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் 1903இல் தொடங்கிய கார்டைட் (தோட்டாக்களை உந்தித் தள்ளும் மருந்து) தொழிற்சாலையை நீலகிரிக்காரர்கள் அனைவரும் அறிவார்கள். அதில்தான் என் பணிக்காலம் கழிந்தது.

அமெரிக்காவில் நடப்பது அந்நாட்டுச் சட்டம் விட்டுவைத்திருக்கும் ஓர் இடைவெளியில் நடக்கிறது. சிக்னல் கொடுப்பதற்கு மட்டுமே பயன்படும் வரையில் 37 மில்லிமீட்டர் கருவியை அவர்கள் துப்பாக்கியாகக் கருதுவதில்லை. அதே கருவியோடு மரத்துண்டு, ரப்பர்க் குண்டு போன்று மனிதரைத் தாக்கும் குப்பிகளையும் வைத்திருந்தால் அது அழிவுக் கருவியாகிவிடும் என்று 1995இல் அங்குள்ள துப்பாக்கி, வெடிபொருள் துறை தீர்ப்புரை வெளியிட்டது. நம் நாட்டில் அந்த இடைவெளியே கிடையாது. 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் எவை வெடிபொருள் என்று கூறும் இடத்தில் வாணங்கள், வண்ண நெருப்புகள், ராக்கெட்டுகள், தோட்டாக்கள் ஆகியவற்றோடு ரயில்வேக்காரர்கள் தண்டவாளத்தில் வைக்கும் பனிமூட்டச் சைகைக் குண்டுகளையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. வெடிச் சத்தம் இருக்க வேண்டும் என்பதில்லை, ஒளியோ புகையோ விளைவிப்பதற்காகச் செய்யப்பட்டதாக இருந்தாலே போதும். உரிமம் இல்லாமல் தயாரித்தால் 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. உரிமம் வழங்குவது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம். அதற்கு மேலே, துப்பாக்கியில் இட்டுச் சுடும் எதையும் நிரப்புவது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்குள்ளும் வந்துவிடும். பொழுதுபோக்கு என்ற தலைப்பில் இவற்றில் எதற்கும் விலக்கு இல்லை.

கடைப் பட்டாசைப் பிரித்தெடுப்பது புதிதாகத் தயாரிப்பதைவிடப் பாதுகாப்பானது என்று நீங்கள் எண்ணுவது முற்றிலும் தவறு. தனக்குத் தெரியாத கலவையைத் தனக்குத் தெரியாத அழுத்தத்தில் புதிய கூட்டுக்குள் அடைப்பது அது. குளோரேட் உப்பும் கந்தகமும் கலந்தால் கை படுவதற்கே பற்றும் என்பதால்தான் அந்தச் சேர்க்கையை 1992இல் இந்தியா முழுவதும் தடை செய்தார்கள். இரண்டு வெவ்வேறு பட்டாசுகளின் சரக்கை ஒரே தட்டில் கொட்டுகிறவருக்கு எதோடு எது சேர்கிறது என்பது எப்படித் தெரியும்?

லேத்துத் தெரிந்தவர் என்பதால் கூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. 12 போர் சிக்னல் தோட்டாவும் வேட்டைத் துப்பாக்கியின் 12 போர் தோட்டாவும் விட்டத்தில் ஒன்றே. ஆனால் சிக்னல் துப்பாக்கிகளில் பல பிளாஸ்டிக்கால் ஆனவை. வேட்டைத் தோட்டாவின் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு தாங்குமா என்பதே ஐயம். ஒருமுறை சுடப்பட்ட கூடு சற்று விரிந்தும் வாய்ப்பகுதியில் வெடித்தும் இருக்கும். அதில் கைக்கணக்கில் அடைத்த மருந்து கொடுக்கும் அழுத்தம் எவ்வளவு என்று அளக்க உங்களிடமும் கருவி இல்லை, என்னிடமும் இல்லை. அந்தக் கருவி இருந்த இடத்தில் நாங்கள் அதைச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்துத்தான் இயக்கினோம்.

பெட்டியில் இருக்கும் பழைய சரக்கை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதலில் கேட்டிருக்க வேண்டியது அதுதான். மூடியைத் திருகாதீர்கள், குலுக்காதீர்கள், குப்பையில் போடாதீர்கள், எரித்துத் தீர்க்கலாம் என்று வயலுக்கும் கொண்டு போகாதீர்கள். பெட்டியை இருக்கும் இடத்திலேயே விட்டு, அந்த அறையில் விறகடுப்பு மூட்டாமல், பிள்ளைகள் போகாதபடி பூட்டிவிட்டு, காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். வெடிபொருள்களைக் கையாளும் பிரிவு மாவட்டக் காவல்துறையிடம் உண்டு, அவர்கள் வந்து எடுப்பார்கள். நல்ல பிள்ளையாக நாமே கொண்டுபோய் ஒப்படைக்கலாம் என்று பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறிவிடாதீர்கள்.

கோத்தகிரி நடையன் எழுதியது:

மூத்தவர்கள் இருவரும் செய்யாதே என்று சொல்லிவிட்டார்கள். தேடுதல் வேலைக்குப் போகிறவன் என்ற முறையில் நான் வேறொன்று சொல்கிறேன்: சட்டமும் ஆபத்தும் குறுக்கே நிற்காவிட்டாலும், இந்தச் சரக்கு நம் மலையில் நீங்கள் எதிர்பார்க்கும் வேலையைச் செய்யாது.

இவை கடலுக்காகக் கணக்கிடப்பட்டவை. பன்னாட்டுக் கடல் விதிப்படி கையில் பிடிக்கும் ஒளிக்குழல் குறைந்தது 1 நிமிடமும், மிதக்கும் புகைக் குப்பி 3 நிமிடமும் தொடர வேண்டும். பாராசூட்டில் தொங்கி இறங்கும் ஒளி ராக்கெட் 300 மீட்டர் உயரம் போய், குறைந்தது 40 நொடி எரிந்தபடி, நொடிக்கு 5 மீட்டருக்கு மிகாத வேகத்தில் இறங்க வேண்டும். நாற்பதை ஐந்தால் பெருக்கினால் 200 மீட்டர். அதாவது கடல் மட்டத்துக்கு 100 மீட்டர் மேலேயே அணைந்துவிடும் கணக்கு. நம் மலையில் கடல் மட்டம் எங்கே இருக்கிறது? பள்ளத்திலிருந்து விட்டால் எதிர்ச் சரிவே அந்த 100 மீட்டரை விழுங்கிவிடும். 2,000 டிகிரிக்கு மேல் எரியும் ஒரு கட்டி உறைபனியில் கருகிக் காய்ந்த புல்வெளியில், அல்லது சீகையும் பைனும் மண்டிய காட்டில் விழும். மாசி, பங்குனியில் அது என்ன செய்யும் என்பதைப் பழனி மலைக்காரரிடம் நான் சொல்ல வேண்டியதில்லை. 2018 மார்ச்சில் உங்களுக்குத் தெற்கே குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் அந்த ஆண்டிலேயே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. வழி தவறிய ஒருவரைத் தேடப் போய்க் காட்டைக் கொளுத்திவிட்டு, பிறகு நாற்பது பேரைத் தேட வேண்டி வரும்.

மூடுபனிக் காலத்தில் தீ பிடிக்காது என்பீர்கள். சரி, அப்போது அது தெரியவும் செய்யாது. மூடுபனியின் நீர்த்துளிகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிப்பதால் சிவப்பு மட்டும் ஊடுருவும் என்பது வெறும் நம்பிக்கை. உள்ளே இருப்பவர் கண்ணுக்கு நாலாபக்கமும் ஒரே செம்மங்கலாகத் தெரியும், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியாது. தவறியவருக்கு வேண்டியதே திசைதான். மேகத்துக்குள் ஆரஞ்சுப் புகையை விடுவதைப் பற்றி நான் என்ன சொல்ல?

ஒலிக்குத் திசை உண்டு. ஊதலை எடுங்கள். உள்ளே குண்டுமணி உருளும் வகை வேண்டாம், நனைந்தால் சிக்கிக்கொள்ளும். குண்டு இல்லாத பிளாஸ்டிக் ஊதல் போதும். ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் நூறாண்டுக்கு மேலாகக் கைக்கொள்ளும் முறை ஒன்று உண்டு: உதவி வேண்டுபவர் பத்து நொடிக்கு ஒருமுறையாக நிமிடத்துக்கு ஆறு முறை ஊத வேண்டும், பிறகு ஒரு நிமிடம் நிறுத்திச் செவி கொடுக்க வேண்டும், மறுபடி ஆறு. கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை பதில் ஊத வேண்டும். இதில் அந்த ஒரு நிமிட நிறுத்தம்தான் உயிர். நம் ஆட்கள் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். தேடுகிறவர்களும் கத்திக்கொண்டே, தவறியவரும் கத்திக்கொண்டே, ஒருவர் குரலில் மற்றவர் குரல் மூழ்கி இரவாகிவிடும். இருட்டில் டார்ச்சுக்கும் இதே கணக்கு. வெயில் உள்ள நேரத்தில் ஒரு சவரக் கண்ணாடி உங்கள் ஒளிக்குழலைவிட நெடுந்தூரம் பேசும்.

தேடும் குழுவினர் தங்களுக்குள் பேச, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் குறைந்த திறன் வாக்கி டாக்கிகளுக்கு 2018இலிருந்து உரிமம் தேவையில்லை. ஒரு சரிவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அவை போதும். நடுவே ஒரு மேடு வந்தால் ஒரு ஆளை மேட்டின் மேல் நிறுத்த வேண்டியிருக்கும். செயற்கைக்கோள் தொலைபேசி வாங்கும் யோசனை யாருக்காவது இருந்தால் கைவிடுங்கள், அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே நம் நாட்டில் குற்றம். ஆள் தவறிய முதல் அரைமணி நேரத்திலேயே 112க்கும் வனத்துறைக்கும் சொல்லிவிடுங்கள். நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று ஊர்க்காரர்கள் இழுக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் வெளிச்சம் போகிறது.

சாத்தூர் போர்மேன் எழுதியது:

ஊதல் யோசனை நன்று. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். காலிக் கூடுகளைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடாதீர்கள். பதினைந்தில் ஒன்று சுடப்படாத, அடிக்குப்பி (அடிபட்டால் தீப்பொறி தரும் பகுதி) உயிரோடிருக்கும் கூடாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அவற்றையும் அதே பெட்டியோடு காவல்துறையிடம் கொடுத்துவிடுங்கள்.

கூக்கால் பூண்டுக்காரர் எழுதியது:

மூவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். காவல் நிலையத்துக்குச் சொன்ன நான்காம் நாள் இருவர் வந்து பெட்டியை எடுத்துச் சென்றார்கள். எப்படி வந்தது, யாருடையது, எப்போது திறந்தோம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். மாமனாரின் கப்பல் பணிச் சான்றிதழை எடுத்து வைத்திருந்தது உதவியாக இருந்தது. காலிக் கூடுகளில் சுடப்படாத கூடு ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைக் கண்டதும் வந்தவர் என் முகத்தைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன், ஏனென்றால் முந்தைய மாதம் அந்தக் கூட்டின் அடியைத்தான் ஆணியால் நெம்பிப் பார்க்கலாமா என்று எடுத்து வைத்திருந்தேன்.

கடைவீதியில் பதினெட்டு ஊதல்கள் வாங்கி, சோலைப் பக்கம் போகும் ஒவ்வொருவருக்கும் கழுத்துக் கயிற்றோடு கொடுத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மேகம் இறங்கியதும் ஒத்திகை பார்த்தோம். நான் ஏரிக்கு மேலே உள்ள புல்மேட்டில் நின்று ஆறு முறை ஊதிவிட்டு நிறுத்தினேன். அந்த ஒரு நிமிடம் மிக நீளமாக இருந்தது. மறுபடி ஆறு ஊதி நிறுத்தியபோது, இடப்பக்கம் கீழே, உருளைக்கிழங்கு வயலிலிருந்து மெல்ல மூன்று ஊதல் கேட்டது. ஒத்திகையில் பெயர் கொடுக்காத என் மாமியார் அது. பேத்தியின் ஊதலைப் பிடுங்கி ஊதியிருக்கிறார்.

ஊதல் வாங்கிய கடையில் அதே மாதிரி இன்னும் இருபது கேட்டிருக்கிறேன். பூம்பாறைக்காரர்களும் வேண்டும் என்கிறார்கள்.